விழுங்கப்பட்டும் சாகாத கிருமி: மேக்ரோஃபேஜ் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் எல்லாம் இருக்கின்றன. மேக்ரோஃபேஜ் மட்டும் ஏன் இல்லை?

பதில்: மேக்ரோஃபேஜ் என்பது கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணு வகை. அது திசுக்களில் குடியிருப்பது, ரத்தத்தில் அதைத் தேடிப் பயனில்லை. அறிக்கையில் மோனோசைட் என்று ஒரு வரி இருக்குமல்லவா, அந்த அணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சில நாள்களில் ரத்தக்குழாயை விட்டு வெளியேறி, திசுவுக்குள் பருத்து மேக்ரோஃபேஜ் ஆகிறது. ஆனால் மூளையிலுள்ள மைக்ரோகிளியா என்னும் மேக்ரோஃபேஜ்கள் இந்த வழியில் வந்தவையல்ல. நாம் சில வாரக் கருவாக இருந்தபோதே அங்கே குடியேறித் தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்பவை. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்த விலங்கியலாளர் இலியா மெச்னிகோஃப், மறுநாள் காலையில் அம்முள்ளை அணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். விழுங்கும் அணுக்களே உடலைக் காக்கின்றன என்ற அவரது கருத்துக்கு அக்காட்சியே வித்து. 1908இல் அவரும் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கேள்வி: கதவில் இடித்துக்கொண்ட இடம் முதலில் கருநீலமாகவும் பிறகு பச்சை, மஞ்சள் என்றும் மாறுவது ஏன்?

பதில்: தோலுக்கடியில் கசிந்த சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிச் செரிப்பதைத்தான் நீங்கள் வெறும் கண்ணால் பார்க்கிறீர்கள். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கியிருக்கும் ஹீம் என்னும் பகுதி சிதையும்போது முதலில் பச்சை நிறப் பிலிவெர்டினும் அடுத்து மஞ்சள் நிறப் பிலிரூபினும் உண்டாகின்றன. இதே வேலை மண்ணீரலில் ஓயாமல் நடக்கிறது. சுமார் 120 நாள் வாழ்ந்து முதிர்ந்த சிவப்பணுக்களிலிருந்து மேக்ரோஃபேஜ்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டுத் தருகின்றன. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

கேள்வி: என் தந்தைக்குக் காசநோய் வந்து குணமானது. எனக்கும் தோல் பரிசோதனையில் தொற்று உண்டு என்கிறார்கள், ஆனால் இருமலோ காய்ச்சலோ இல்லை. மேக்ரோஃபேஜ் கிருமியை விழுங்கும் என்றால் அது ஏன் சாகவில்லை?

பதில்: இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மேக்ரோஃபேஜ் எதை விழுங்கினாலும் அதை ஒரு சிறு பைக்குள் அடைக்கும். பின்னர் அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் அப்பையுடன் இணைந்து உள்ளிருப்பதைக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமி அந்த இணைவைத் தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வேண்டிய அணுவையே வீடாக்கிக்கொண்டு, அதற்குள் மெல்லப் பெருகுகிறது. சில வாரங்களில் டி அணுக்கள் என்னும் வேறுவகை வெள்ளை அணுக்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்த பிறகே மேக்ரோஃபேஜுக்கு முழு வலு கிடைக்கிறது. அப்போதும் கிருமி முற்றிலும் அழியாவிட்டால், மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று நெருங்கி அதைச் சுற்றி கிரானுலோமா என்னும் கட்டியை அரணாக எழுப்புகின்றன. உங்கள் உடலில் இந்த அரண் காவல் காத்துக்கொண்டிருக்கக்கூடும்; நோய் வெளிப்படாத இந்நிலையில் உங்களிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. ஆனால் இந்த அரணைக் கட்டிக்காப்பதில் டிஎன்எஃப் என்னும் புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முடக்குவாதத்துக்காக அப்புரதத்தைத் தடுக்கும் ஊசி போட நேர்ந்தால், இந்தப் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்போதே தடுப்பு மருந்து தேவையா என்றும் கேளுங்கள், அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் பொடிகளால் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டலாமா?

பதில்: தூண்டுதல் எல்லாம் நன்மையல்ல. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி வீங்கிப்போன மேக்ரோஃபேஜ்களே மாரடைப்புக்கு வழிவகுக்கும் படிவுகளின் முக்கியப் பகுதி. பொடிக்குச் செலவிடும் பணத்தைச் சேமியுங்கள்.

கேள்வி: விபத்தில் என் மகனின் மண்ணீரலை அகற்றிவிட்டார்கள். என்ன கவனம் தேவை?

பதில்: முதிர்ந்த சிவப்பணுக்களை அகற்றும் வேலையைக் கல்லீரலின் மேக்ரோஃபேஜ்கள் பெருமளவு ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிமோகாக்கஸ் போன்ற, மேலுறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்கு ஈடில்லை. ஆகவே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்று பார்த்து, விடுபட்டதைப் போட்டுவிடுங்கள். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; மண்ணீரல் இல்லை என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.