தரம் 1 பிள்ளைக்கு கவனக்குறைவு என்றால் உடனே குளிசையா?

ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவரின் கேள்வி இது: மகன் வகுப்பில் ஒரு இடத்தில் இருப்பதில்லை, டீச்சர் கிளினிக் போகச் சொல்கிறார், போனதும் ADHD எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு என்று மருந்து எழுதிவிடுவார்களா?

பொதுவாக இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். ஐந்துக்கு மேல் என்றாலும், வீடு, பள்ளிக்கூடம் என இரண்டு இடத்திலும் சிரமம் தெரிய வேண்டும்.

மகன் எந்த மாதத்தில் பிறந்தவன் என்று பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வகுப்பு பிரிக்கும் எல்லை டிசம்பர் 31. அங்கே வகுப்பில் ஆகச் சின்னவர்களான டிசம்பர்ப் பையன்களுக்கு, ஜனவரிப் பையன்களைவிட 41 வீதம் கூடுதலாக இந்த மருந்து எழுதப்பட்டதாக 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. வகுப்பிலேயே சின்னவன் என்பதையும் சில வேளை நோயாக எடுத்துவிடுகிறோம். நம் இலங்கையில் ஜனவரி 31க்குள் ஐந்து முடிந்தால் தரம் 1. அப்போ ஜனவரிப் பிள்ளைகள்தான் சின்னவர்கள்.

சரி, மருந்து தேவை என்றே முடிவானால் பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட். சாதாரணக் குளிசை நாலு மணித்தியாலம் அளவில்தான் வேலை செய்யும். காலை ஏழுக்குக் கொடுத்தால் பதினொன்றுக்கு இறங்கிவிடும். அதனால் அம்மா கொழுந்துக்குப் போன பிறகு குளிசை கொடுப்பது ஆச்சியா, இடைவேளைக் குளிசைக்கு யார் பொறுப்பு என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பசி குறையும், ஆகவே ரொட்டியைச் சாப்பிட்ட பிறகே குளிசை. உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்க்காமல் மருந்துத் துண்டை மட்டும் புதுப்பித்துக் கொடுத்தால், தயங்காமல் கேளுங்கள்.