ஆச்சி சொல்லும் ஆண்டும் பதிவேட்டு ஆண்டும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்பது, பதிவது, அவற்றை நம்புவது பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

என் மாணவர்கள் இடம்பெயர்வுக் கதைகளைக் கேட்டு எழுதி வந்தார்கள். ஊரை விட்டு வெளிக்கிட்டது 96 இல் என்கிறார் ஒருவர், 98 என்கிறார் இன்னொருவர், 'சுனாமிக்குப் பிறகு' என்கிறார் மூன்றாமவர். எதை வரலாறு என்று எழுதச் சொல்வது? – ஆசிரியை, கிளிநொச்சி

மூவரும் ஒரே ஓட்டத்தைத்தான் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கிளிநொச்சி நகரை இராணுவம் பிடித்தது 1996 செப்டெம்பரில். 1998 செப்டெம்பர் இறுதியில் அது புலிகளிடம் திரும்பியது, 2009 ஜனவரி 2 இல் மீண்டும் இராணுவத்திடம் போனது. ஆகவே 96 என்பவர் வெளிக்கிட்டதைச் சொல்கிறார். 98 என்பவர் வளவைத் திரும்பிப் பார்க்கப் போனதைச் சொல்லக்கூடும். சுனாமிக்குப் பிறகு என்பவர் 2008 இன் கடைசி ஓட்டத்தில் நிற்கிறார். பலமுறை ஓடியவரின் நினைவில் ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகள் செய்த பிழை 'எந்த ஆண்டு?' என்று கேட்டதுதான். அப்படிக் கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். மாரியா கோடையா, வயலில் அப்போது என்ன நின்றது என்று கேட்கச் சொல்லுங்கள். 'காலபோகம் விதைச்சுப் போட்டு விட்டிட்டு வந்தம்' என்றால் ஐப்பசி, கார்த்திகைப் பக்கம். 'சூடு அடிச்ச நெல்லை ஏத்த ஏலாமப் போச்சு' என்றால் மாசி, பங்குனி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னா பின்னா என்றால் வைகாசி பிடிபடும். எல்லாவற்றிலும் உறுதியானது, 'அப்ப எந்தப் பிள்ளை கையில, எந்தப் பிள்ளை வயித்தில?' என்ற கேள்வி. தாய்மார் இதில் பிழை விடுவது அரிது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆண்டைச் சொல்லிவிடும். நிவாரண அட்டை, காணி அனுமதிப்பத்திரம், பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகம் இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

வகுப்புச் சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டி ஊரறிந்த நிகழ்ச்சிகளை வரிசையாகக் குறியுங்கள். 1977, 1983 கலவரங்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது, 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடம்பெயர்வு, 1997 மே ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை, 2002 ஏ9 வீதி திறப்பு, 2004 டிசெம்பர் 26 சுனாமி, 2009 மே போர் முடிவு. ஒவ்வொரு கதையையும் அதற்குரிய இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பொருந்தாமல் சில நிற்கும். அவற்றைத் திருத்த வேண்டாம். இத்தாலியின் தேர்னி நகரில் 1949 மார்ச்சில், நேட்டோவுக்கு எதிரான ஊர்வலத்தில் 21 வயது உருக்காலைத் தொழிலாளி ஒருவரைப் பொலிஸார் கொன்றார்கள். பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி விசாரித்தபோது, அந்தச் சாவு 1953 இல், ஆலையில் பெருந்தொகையாக ஆட்குறைப்பு நடந்து தெருச்சண்டை மூண்ட நாட்களில் நடந்ததாகப் பலர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சாவுக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது, அது 1953 இல்தான் கிடைத்தது. உங்கள் ஊரில் ஒருவர் ஆண்டை மாற்றிச் சொன்னால், எந்த ஆண்டுக்கு மாற்றுகிறார், அங்கே அவருக்கு என்ன இருந்தது என்று பாருங்கள்.

கொப்பியில் இடப்பக்கம் சொன்னபடி, வலப்பக்கம் பதிவேட்டின்படி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு 'சரியான' கதை செய்யும் பிள்ளைக்குப் புள்ளியைக் குறையுங்கள்.

கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயர் கொன்றதாக அப்பப்பா சொல்கிறார். நினைவுக்கல்லில் அப்படி இல்லையாமே? – மாணவன், ஒட்டுசுட்டான்

இல்லை. 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் டிறிபேர்க் இவ்விடத்துக்கு அருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதோடு கல் நிற்கிறது, சாவு பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் கல் என்பதற்காக அது பக்கச்சார்பற்றதாகிவிடாது. நட்டது வென்ற பக்கம். அப்பப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: 'இதை நீங்கள் ஆரிட்டக் கேட்டனீங்கள்?' அவருடைய தகப்பனாரா, பள்ளிக்கூட வாத்தியாரா, இரவிரவாகப் பார்த்த நாடகமா? பண்டாரவன்னியனை மேடையில் ஆடியவர்கள் பலர், மேடையில் வீரன் சாகாமல் திரை விழாது. வந்த வழியையும் சேர்த்து எழுதினால் அப்பப்பாவின் கதையும் ஒரு சான்றுதான். 1803 க்குச் சான்றாக இல்லாவிட்டாலும் அவர் காலத்து வன்னி தன்னை எப்படிப் பார்த்தது என்பதற்குச் சான்று.

கைத்தொலைபேசியில் பதிந்தேன். பாதி விளங்கவில்லை. எங்கே பிழை? – வாசகி, புதுக்குடியிருப்பு

பெரும்பாலும் தகரக் கூரையும் மின்விசிறியும்தான். தகரத்தில் மழை விழுந்தால் எந்தப் போனும் தோற்றுவிடும். பூசிய சீமெந்து அறை எதிரொலிக்கும், அதற்கு நிலத்தில் பாய் விரித்து ஒரு சுவரில் சேலையைத் தொங்கவிட்டாலே பாதி தீரும். வேப்பமர நிழல் நல்லது, ஆனால் றோட்டுக்கரையாக இருந்தால் லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) ஒன்று போக ஒரு நிமிடக் கதை போய்விடும். (சேவலுக்கு வழி கிடையாது.)

போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். இடையில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், அது நின்றதை ஒருவரும் கவனிப்பதில்லை. மேசையில் வைப்பதானால் கீழே மடித்த துவாய் வையுங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம் இடி போல் விழும். பேசுபவருக்கும் போனுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். சட்டையில் குத்தும் சிறிய மைக் என்றால் நாடிக்கு ஒரு சாண் கீழே, சேலைத் தலைப்பும் சங்கிலியும் உரசாத பக்கம். முதலில் நாளையும் ஊரையும் சொல்லி அரை நிமிடம் பதிந்து, காதில் மாட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கோப்பு வகையில் 'வேவ்' இருந்தால் அதையே எடுங்கள். ஒற்றைத் தடம், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட், ஒரு மணித்தியாலத்துக்கு 300 க்குச் சற்று மேல். ஓர் இருப்பில் முக்கால் மணித்தியாலம் போதும், முதியவர்கள் களைத்ததைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மணிப் பதிவை எழுத்தில் இறக்க நாலு முதல் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். அதை எண்ணாமல் இருபது பேரைப் பதிந்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் விடுவதைத்தான் அதிகம் காண்கிறோம்.

நான் பதுளையிலிருந்து 77 க்குப் பிறகு வந்த குடும்பம். மனைவியின் ஆட்கள் 95 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். 'உன்ர சொந்த ஊர் எது?' என்றால் மகன் முழிக்கிறான். பழையதைச் சொல்லாமல் விட்டது பிழையா? – தந்தை, தருமபுரம்

பிழை என்று சொல்ல மாட்டோம், ஆனால் இனிச் சொல்லுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரொபின் ஃபிவுஷ், மார்ஷல் டியூக் இருவரும் குடும்பம் பற்றிய 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். அப்பா அம்மா எங்கே சந்தித்தார்கள், தாத்தா எங்கே வளர்ந்தார் என்பது போன்றவை. அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. கதை தெரிந்ததால் அப்படி ஆனார்கள் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. கதை பேசும் வீட்டில் வேறு நல்லதுகளும் இருந்திருக்கலாம்.

உங்கள் மகன் அப்பாவின் தாயை அப்பாயி என்றும் அம்மாவின் தாயை அம்மம்மா என்றும் அழைத்தால், அங்கிருந்தே தொடங்கலாம். இரண்டு சொல்லும் இரண்டு பாதையால் ஒரு வீட்டுக்குள் வந்தவை. ஒரு தாளில் இரண்டு பாதைகளையும் வரையுங்கள். தங்கிய ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு காலம், அங்கே என்ன சமைத்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பதை மட்டும் பூசி மெழுக வேண்டாம். எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பசி, பிறகு 77 இன் அடி என்று இருந்தபடி சொல்லலாம். பன்னிரண்டு வயதுக்கு அது தாங்கும்.

பிறகு வேறு கதை உள்ள வீட்டுக்கு அனுப்புங்கள்: முல்லைத்தீவுக் கரையில் ஒரு கடற்றொழில் வீடு, தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் வீடு. 'நீ அவரா இருந்தா என்ன செய்திருப்பாய்?' என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். பிள்ளை தன்னைப் பற்றியே பேசிவிட்டு மற்றவரை விளங்கிக்கொண்டதாக நினைக்கும். கேட்டதைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல்லி 'சரியோ?' என்று கேட்கட்டும். 'அது இல்லையடா தம்பி' என்று அவர் திருத்தும் இடத்தில்தான் பிள்ளை முதல்முறையாக அவரைக் கேட்கிறது.

பேச்சுத் தமிழைத் திருத்தி எழுதலாமா? – வாசகர், மாங்குளம்

வேண்டாம். 'தறப்பாள் கொட்டில்' என்றதை 'தற்காலிகக் கூடாரம்' ஆக்கினால் ஒழுகிய தண்ணீரும் போய்விடும்.

மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவிடம் பேச்சு எடுத்தபோது அழத் தொடங்கிவிட்டார். என்ன செய்திருக்க வேண்டும்? – இளைஞர் கழக உறுப்பினர், முல்லைத்தீவு

பதிவை நிறுத்திவிட்டு, எழும்பாமல் இருந்திருக்க வேண்டும். பதறி ஆறுதல் சொல்வதும், 'சரி அம்மா, அடுத்த கேள்வி' என்பதும் ஒரே அளவு கெடுதல். அவர் தொடர விரும்பினால் அவர் வாயால் சொல்லட்டும்.

வன்னியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தத் தாய்மார் எத்தனையோ படிவம் நிரப்பி, எத்தனையோ ஆணைக்குழுவின் முன் அதையே சொல்லியிருக்கிறார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் என்று நீங்கள் தொடங்கினால் அது இன்னொரு விசாரணை. 'உங்கட ஊர்க் குளம் முந்தி எப்பிடி அம்மா?' என்று தொடங்குங்கள். மகனைப் பற்றி என்றால் காணாமற்போன நாளை விட்டு, அவனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேளுங்கள். இதனால் ஏதும் கிடைக்கும் என்ற எண்ணத்தை உண்டாக்காதீர்கள். வேறு ஆட்களின் பெயர் வந்தால் அதை வைப்பதா வெட்டுவதா என்று பதிவு முடிந்தபின் ஒருமுறையும், எழுதியதை வாசித்துக் காட்டும்போது இன்னொருமுறையும் கேளுங்கள். முதல் நாள் 'ஓம்' என்றவர் மறுவாரம் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

கடைசிக் கால் மணித்தியாலம் வேறு கதையில் போகட்டும். அடுத்த நாள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நித்திரையும் சாப்பாடும் விட்டுப்போயிருந்தால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

பதிவுகளை எங்கே வைப்பது? – வாசகர், வவுனியா

மூன்று இடத்தில்: கணினியில், தனியாக ஒரு பென்டிரைவில், கதை சொன்னவர் வீட்டில். கோப்பின் பெயரில் நாளும் ஊரும் இலக்கமும் இருக்கட்டும், ஆளின் பெயர் வேறு கொப்பியில் இருக்கட்டும். போனில் மட்டும் வைத்த பதிவுகள் அழிவது போன் பழுதாவதால் அல்ல, புதுப் போன் வாங்கிப் பழையதைத் தம்பிக்குக் கொடுக்கும் நாளில்.