நர்ஸ் படிப்பு இல்மு ஆகுமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் சேர ஆசைப்படுகிறாள். என் கணவரின் அண்ணன், ‘ஹதீஸில் (நபிமொழியில்) வரும் இல்மு, அதாவது கல்வி, மார்க்க இல்மு மட்டும்தான். நர்ஸ் படிப்பெல்லாம் துன்யாவுக்கு (உலகத்துக்கு). பேசாமல் ஆலிமா (மார்க்க அறிஞர்) கோர்ஸில் சேர்த்துவிடு, நாலு பேர் மதிப்பார்கள்’ என்கிறார். மகள் அழுகிறாள். இஸ்லாம் எதற்காக நம்மை இல்மு தேடச் சொல்கிறது?
- பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி, தொண்டி

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தில் ‘நாலு பேர் மதிப்பார்கள்’ என்ற இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். அந்த நாலு பேருக்காக ஓதியவன் நான்.

ஏழு வருடம் மதரஸாவில் ஓதி, ஸனது (பட்டம்) வாங்கி, தலைப்பாகையோடு ஊருக்கு வந்தபோது எனக்கு 22 வயது. எங்கள் பள்ளிவாசல் இமாம் வயதான லெப்பை. எனக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பல்லெல்லாம் விழுந்துவிட்டதால் ஸீன், ஸாது என்ற இரண்டு அரபி எழுத்தும் அவர் வாயில் ஒன்றாகத்தான் வரும். ஒரு ஜும்ஆ முடிந்து, கூட்டம் கலைவதற்குள் நான் எழுந்து நின்று, அவர் ஓதியதில் இத்தனை தப்பு என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். கிதாபு பெயர், பக்கம் எல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் முஸல்லாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் உம்மா சோற்றைப் போட்டுவிட்டு, ‘ஏழு வருசம் இதுக்காடா ஓதினே?’ என்று கேட்டார். மறுநாள் இமாம் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். ‘நீ சொன்னது சரிதாம்ப்பா. ஆனா எனக்கு இனிமே பல் முளைக்காதே’ என்றார்.

இதில் வேடிக்கை, அப்போது எனக்கு அந்த ஹதீஸ் மனப்பாடம். ஆலிம்களோடு போட்டி போடவோ, அறிவில்லாதவர்களோடு தர்க்கம் செய்யவோ, மக்களின் முகங்களைத் தன் பக்கம் திருப்பவோ இல்மு தேடுகிறவனை அல்லாஹ் நரகத்தில் நுழைப்பான் என்று நபி (ஸல்) சொன்னதாகத் திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியிருந்தேன்.

சரி, உங்கள் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இறங்கிய வஹீ (இறைச்செய்தி) ‘ஓது’ என்பது ஊருக்கே தெரியும். அதோடு ஒட்டி வருவதை யாரும் கவனிப்பதில்லை: ‘படைத்த உன் இறைவனின் பெயரால்.’ யார் பெயரால் ஓதுகிறாய் என்பதில்தான் நோக்கம் இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். ‘அல்லாஹ்வின் அடியார்களில் அவனை அஞ்சுவோர் அறிந்தவர்களே’ என்று 35-வது சூராவில் வருகிறது. எங்கள் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம், ஆலிம்களின் சிறப்பு என்பார்கள். அதற்கு முன்னால் இருப்பதையும் சேர்த்து ஓதிப் பாருங்கள். வானத்திலிருந்து இறங்கும் மழை, பல நிறக் கனிகள், மலையில் வெள்ளையும் சிவப்புமாக ஓடும் கோடுகள், மனிதர்கள், கால்நடைகள். இதையெல்லாம் காட்டிவிட்டுத்தான் ‘அறிந்தவர்கள்’ என்று அல்லாஹ் சொல்கிறான். உடம்பில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று படிக்கும் பெண்ணை இந்த வரிசையிலிருந்து எப்படி விலக்குவது?

இமாம் கஸ்ஸாலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1091-ல், 33 வயதில், பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பெரிய ஆசிரியர். அவர் முன் 300 மாணவர்கள் உட்கார்ந்து ஓதினார்கள். அவரைவிட அதிகமாக நாலு பேர் மதித்த ஆலிம் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார். 1095-ல் அவருடைய நாக்கு பூட்டிக்கொண்டது. பாடம் சொல்ல வாய் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். என் நிய்யத்தை (எண்ணத்தை) தோண்டிப் பார்த்தேன், அது அல்லாஹ்வுக்காக இல்லை, பேருக்கும் புகழுக்கும்தான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். போவதா இருப்பதா என்று ஆறு மாதம் தடுமாறி, கடைசியில் பதவியை விட்டுவிட்டு டமாஸ்கஸ் பக்கம் போனார்.

அப்புறம் அவர் எழுதிய இஹ்யா என்ற கிதாபின் முதல் பகுதியே இல்மைப் பற்றியதுதான். அதில் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் கற்றே தீர வேண்டியது ஃபர்ளு ஐன். ஊரில் சிலராவது கற்றிருக்க வேண்டும், யாருமே கற்காவிட்டால் ஊர் முழுக்கக் குற்றவாளி என்பது ஃபர்ளு கிஃபாயா. மருத்துவத்தையும் கணக்கையும் இரண்டாவதில் வைக்கிறார். விவசாயம், நெசவு, தையல்கூட அங்கேதான். அதோடு விடாமல் ஒரு குத்தும் குத்துகிறார்: எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியரே இல்லை, ஆனால் எல்லோரும் ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) படிக்கவே முண்டியடிக்கிறார்கள். ஏன்? வைத்தியம் படித்தால் வக்ஃபு நிர்வாகம் கைக்கு வராது, யத்தீம்களின் (அநாதைகளின்) சொத்துக்குப் பொறுப்பு கிடைக்காது, காஜி (நீதிபதி) ஆக முடியாது! 900 வருடத்துக்கு முந்திய இந்த வரிகளை உங்கள் மச்சானுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நர்ஸ் வேலை நமக்குப் புதிதும் அல்ல. அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அம்பு பட்டு விழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை ருஃபைதா என்ற அஸ்லம் குலத்துப் பெண்ணின் கூடாரத்தில் வைக்கச் சொன்னார்கள். காயம்பட்டவர்களுக்கு அவர் சிகிச்சை செய்த அந்தக் கூடாரம் இருந்தது எங்கே தெரியுமா? நபியின் பள்ளிவாசலிலேயே.

மகளைச் சேர்த்துவிடுங்கள். தொழுகை, நோன்பு, சுத்தம் பற்றிய சட்டங்களை அவள் தெரிந்துகொள்வது ஃபர்ளு ஐன், அதில் சலுகை கிடையாது. நைட் டியூட்டியில் தொழுகையை எப்படி அமைத்துக்கொள்வது, நோயாளியின் ரகசியத்தை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அவளுடைய வேலையோடு வரும் மார்க்கப் பாடம். சம்பளம் வாங்குவது குற்றமில்லை. வளைகுடாவுக்கு விசா கிடைத்தால் போகட்டும். நாளைக்கு அவளே ஆலிமா கோர்ஸும் ஓத ஆசைப்பட்டால் தாராளமாக ஓதட்டும், ஆனால் அந்த நாலு பேருக்காக வேண்டாம்.

கேள்வி: ‘சீனா சென்றேனும் கல்வி தேடு’ ஹதீஸ் இல்லை என்கிறார்களே, எங்கள் பள்ளி ஆண்டுவிழா பேனரில் அதுதானே இருக்கிறது?
- ஓர் ஆசிரியர், மேலப்பாளையம்

பதில்: அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார். ‘இல்மு தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை’ என்று இப்னுமாஜா ஹதீஸ் தொகுப்பில் வருவதை அடுத்த பேனரில் போடுங்கள். எழுத்தும் குறைவு, செலவும் மிச்சம்.

கேள்வி: போன மாதம் ஒரு கேள்விக்கு ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதினீர்கள். தெரியாவிட்டால் எதற்கு ஹஜ்ரத் கேள்வி-பதில் பகுதி?
- வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: மதீனாவின் இமாம் மாலிக்கிடம் ஒரு முறை 48 கேள்விகள் கேட்கப்பட்டன. அதில் 32 கேள்விகளுக்கு அவர் ‘தெரியாது’ என்று சொன்னதை உடனிருந்தவர் அறிவித்திருக்கிறார். போன மாதம் எனக்கு வந்தவை ஆறு கேள்விகள். ஒன்றுக்குத்தான் தெரியாது என்றேன். இமாமின் கணக்குப்படி இன்னும் மூன்று பாக்கி வைத்திருக்கிறேன்.