சேலை ஆசை மங்கியது மாத்திரையாலா?

நண்பரே, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரையை 50 மி.கி. அளவில் தொடங்கி ஒன்றரை மாதத்தில், ரகசியமாக உடுத்திக்கொள்ள பீரோவில் ஒளித்து வைத்த சேலையைப் பார்த்தாலும் ஒன்றுமே தோன்றவில்லை, குணமாகிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குணமாவதற்கு அது நோயே இல்லை. ஓர் ஆண் பெண் உடை உடுத்துவதை மட்டும் வைத்து, 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் யாரையும் நோயாளி என்பதில்லை.

காம ஆசை குறைவது, உச்சம் தள்ளிப்போவது இரண்டும் இந்த வகை மாத்திரைகளில் சகஜம். சிலருக்கு அழுகை, சிரிப்பு எல்லாமே மரத்துப்போகும். பிடித்த பாட்டும் பிரியாணியும்கூட ருசிக்கவில்லையா? அப்படியானால் மங்கியது சேலை ஆசை மட்டுமில்லை. மற்றதெல்லாம் ருசிக்கிறது என்றால், முன்பு பதற்றம் தாங்காமல் உடுத்தினீர்களா என்று யோசியுங்கள். பதற்றம் தணிந்தால் அந்த அவசரமும் தணியலாம். சிலருக்கு நேர்மாறாக, குற்ற உணர்ச்சி விலகி நிம்மதியாக உடுத்த முடிகிறது.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். டாக்டரிடம் சேலைக் கதை சொல்லக் கூச்சமாக இருந்தால், "காம ஆசை குறைந்துவிட்டது" என்றாலே போதும். அவர் அளவைக் குறைக்கலாம், அல்லது பியூப்ரோபியான் போல அந்தத் தொல்லை குறைவான மருந்துக்கு மாற்றலாம்.

அப்புறம், சேலையை எரித்துவிடலாமா என்று கேட்டீர்களே, இப்போது வேண்டாம். மாத்திரை நின்றபின் ஆசை திரும்பினால், திரும்பவும் கடைக்குப் போய், தங்கச்சிக்கு என்று பொய் சொல்லி வாங்க வேண்டியிருக்கும்.