மேல் இமையில் திரும்பத் திரும்ப வரும் கட்டி: மறுபடி கீறலாமா?

பயொப்சி, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிப்பது, செய்யாமல் மறுபடி கீற விடாதீர்கள். அம்மாவுக்கு 62 வயது, இரண்டு தரம் கீறியும் மேல் இமையில் அதே இடத்தில் கட்டி வந்திருக்கிறது என்கிறீர்கள். இதை இனியும் சாதாரண கண்கட்டி என்று விடக்கூடாது.

நான் சந்தேகப்படுவது செபேசியஸ் கார்சினோமா, இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். அரிதுதான். ஆனால் மேல் இமையில் அந்தச் சுரப்பிகள் கூட, அதனால் அங்கேதான் அதிகம் வரும். பார்வைக்குக் கண்கட்டி மாதிரியே இருப்பதால் மாதக்கணக்கில் ஏமாற்றிவிடும்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கட்டிக்கு நேரே இமைமயிர் உதிர்ந்திருக்கிறதா? இமை விளிம்பு மஞ்சளாகத் தடித்திருக்கிறதா? அந்த ஒரு கண் மட்டும் மருந்து விட்டும் சிவப்பாகவே இருக்கிறதா? காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் தடவி, நெறி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், முன்பு சுரண்டி எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டோடு கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். புற்றுநோய் என்றால் ஓரங்கள் சுத்தமா என்று சோதித்து வெட்டி, இமையைச் சீரமைப்பார்கள். கண்ணின் வெள்ளையையும் இமையின் உட்புறத்தையும் மூடும் மெல்லிய வெண்படலத்திலும் பரவக்கூடியது என்பதால் அங்கிருந்தும் சிறு துண்டுகள் எடுப்பார்கள்.

இப்படித் திரும்பி வருகிறவற்றிலும் பல வெறும் கண்கட்டிதான். மேலே சொன்ன அடையாளம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பயொப்சியைத் தவிர்க்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், சிலரில் இரண்டுக்கும் பரம்பரைத் தொடர்பு உண்டு.