பெரியம்மாவா, அம்மாவா: லண்டன் நேர்காணலுக்கு முன் ஒரு பேச்சு

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து போன என் மகன் லண்டனில் அகதி அந்தஸ்து கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் அதிகாரியுடன் பெரிய நேர்காணல். தங்கையின் பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவன். சிங்கப்பூர் ஈசூனில் இருந்துகொண்டு அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்: அம்மா, சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது குறுக்குக் கேள்வியிலேயே குழம்பிவிடும். அகதிகளைப் பாதுகாக்கும் 1951 சர்வதேச உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேராத நாடு. அதனால் இந்த நேர்காணல் நமக்குப் பழக்கமில்லை. அங்கே, தஞ்சம் கேட்ட புதிதில் நடந்த முதல் நேர்காணலில் சொன்னதையும் இப்போது சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பழைய பதிவின் நகலை வழக்கறிஞரிடம் வாங்கி அவன் நிதானமாகப் படிக்கட்டும். தவறு இருந்தால் முன்கூட்டியே வழக்கறிஞர் மூலம் திருத்திவிட வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது உறவுச் சொற்களைப் பற்றித்தான். உங்கள் கடிதத்தையே பாருங்கள்: முதல் வரியில் 'மகன்', அப்புறம் 'தங்கையின் பிள்ளை'. நமக்கு அது பாசம். ஆங்கிலத்தில் எழுதிவைத்தால் முரண்பாடு. பக்கத்து வீட்டுப் பையனை அவன் 'அண்ணா' என்றால், கூடப்பிறந்தவன் என்று பதிவாகலாம். 'பக்கத்து வீட்டுப் பையன்', 'அம்மாவின் தங்கை மகன்' என்று யாரானாலும் விரித்துச் சொல்லிப் பழகட்டும். 'கதைச்சனான்' என்பது அவனுக்குப் 'பேசினேன்'. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் 'கதை சொன்னேன்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பேச்சு புரியாவிட்டால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். தலையாட்டிவிட்டு வரக்கூடாது.

தேதி சரியாக நினைவில்லையா? ஊகித்து ஒரு தேதி சொல்வது ஆபத்து. '2009 மே மாதம் சண்டை முடிந்து கொஞ்ச நாளில்' என்பது நேர்மையான பதில். 'தெரியாது' என்பதும் பதில்தான். சித்திரவதை போன்றவற்றைச் சொல்ல நேர்ந்தால், ஆண் அதிகாரியோ பெண் அதிகாரியோ வேண்டும் என்று முன்பே கேட்கலாம். நடுவில் இடைவேளையும் கேட்கலாம். சொன்னதை இலங்கை அரசுக்குத் தெரிவிக்க மாட்டார்கள் என்பதை அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். பயத்தில் பாதியை விழுங்கிவிடுபவர்கள் நிறையப் பேர்.

உங்கள் பங்கு காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டு, போலீஸ் முறைப்பாட்டின் நகல், எது உங்கள் அலமாரியில் இருந்தாலும் வந்த உறையோடு அனுப்புங்கள். தமிழில், சிங்களத்தில் இருப்பவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆதரவுக் கடிதம் எழுதினால் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

நேர்காணல் முடிந்ததும் பதிவின் நகலைக் கேட்டு வாங்கட்டும். திருத்தம் அனுப்ப வழக்கமாக 5 வேலை நாள்தான் கிடைக்கும். முந்தின இரவு போன் செய்தால் கேஸைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள், போதும்.