கம்பெனி பஸ்ஸும் களையெடுப்பும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கிராமத்து வேலைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு ஊர் திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசிப் பக்கம். எங்கள் பாட்டி காலத்தில் ஆண்கள் வெளியே வேலை செய்தார்கள், பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று விடியற்காலையிலேயே செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் ஷூ கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிப் போகிறது. பையன்கள் பகலில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பகுதி அப்போது சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால், 1961இல் இருந்த பெண் உழைப்பாளிகள் 1971இல் பெரிதும் குறைந்திருக்கிறார்கள். அப்படி வீட்டுக்குள் போன பெண்களைத் தொழிற்சாலை மறுபடி வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று எழுதலாமா? எங்கள் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைக்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

அப்படி எழுதாதீர்கள். அந்தப் பெண்கள் வீட்டுக்குள் போகவே இல்லை. 1961இல், வேலைப் பருவத்தில் தினம் ஒரு மணி நேரம் உழைத்தாலே ஒருவரை உழைப்பாளியாக எழுதிக்கொண்டார்கள். 1971இல் கேள்வியை மாற்றி, உங்கள் முதன்மையான வேலை என்ன என்று கேட்டார்கள். காலையில் நடவு நட்டு, மத்தியானம் சோறாக்கி, சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுத்த பெண்ணுக்கு எது முதன்மை? 'வீட்டு வேலை' என்று பதிவானது. தமிழ்நாட்டில் பெண் உழைப்பாளி விகிதம் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ பாதியானது இப்படித்தான். கழனியில் அதே பெண்கள் அதே குனிந்த முதுகோடு நின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் பாட்டியும் நாற்று நட்டிருப்பார், மல்லாட்டை (வேர்க்கடலை) ஆய்ந்திருப்பார். உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மாறியது வேறு. ஆண்கள் வேலைக்காக ஊரைவிட்டுத் தூரம் போனார்கள்; பெண்களின் வேலை, இளையவர்களுக்கு ஒன்று, மூத்தவர்களுக்கு வேறு என்று வயதால் பிரிந்தது. எனக்கு இதுதான் மையமாகத் தெரிகிறது.

முதலில் கழனி. ஏர் ஓட்டுவதும், மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பதும் ஆண்கள் வேலை. டிராக்டரும் மோட்டாரும் வந்தபோது அந்த ஆட்களில் பெரும்பாலோருக்கு வேலை போனது. ஆனால் அந்த மெஷினை ஓட்டும் வேலையும் ஆண்களுக்கேதான் போனது. அறுப்பு மெஷினும் களைக்கொல்லியும் வந்தபோது பெண்களின் கூலிநாட்கள் குறைந்தன. அறுப்பு மெஷினின் சீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டட வேலையும் அப்படியே. சித்தாளாகச் சேரும் பையன் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான். சித்தாளாகச் சேரும் பெண் முடி நரைக்கும்வரை கல் சுமக்கிறாள். கூலி வித்தியாசத்துக்குத் திறமைதான் காரணம் என்று சொல்கிறவர்கள், அந்தத் திறமையைக் கற்க யாரை விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆரணிப் பட்டுத்தறி வீடுகளிலும் ராட்டையில் தார் (ஊடு நூல்) சுற்றுவது முதல் பாவு (நெடுக்கு நூல்) வேலைக்கு உதவுவது வரை பெண்கள் கை இருக்கும். கூலி மட்டும் சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரர் கைக்கு வரும். கணக்கெடுப்பில் அவள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பற்றி அவசரப்படாதீர்கள். செங்கம், போளூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது பல காலமாக நடக்கிறது. உங்கள் பக்கத்து ஆட்கள் சென்னைக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். ஒரு சைட் முடிந்து அடுத்த சைட் தொடங்கும் இடைவெளியில் ஊருக்கு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். வேலையே கிடைக்காமல் இருப்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி சோம்பேறித்தனம் என்றுவிடக் கூடாது.

சரி, பஸ்ஸில் ஏறும் பெண்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தன் பெயரில் வங்கிக் கணக்கு. இது சின்ன விஷயமே இல்லை. கழனிக்கூலிப் பெண்ணுக்கு மாதச் சம்பளமோ பி.எஃப்.போ இ.எஸ்.ஐ.யோ கிடைத்ததில்லை. ஆனால் கம்பெனி பெரும்பாலும் இளம்பெண்களைத்தான் எடுக்கிறது. நாள் முழுக்க லைனில் நின்று டார்கெட் முடிக்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்று வந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது. ஆனால் பஸ்ஸில் அத்தனை தூரம் விடியற்காலையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவாள்? பிள்ளையை மாமியாரோ அம்மாவோ பார்த்துக்கொள்கிற வீட்டில்தான் அவள் வேலையில் நீடிக்கிறாள். அதற்காக அந்த மூத்த பெண் தன் கழனிக்கூலியை விட்டுவிடுகிறாள். மருமகளின் சம்பளத்தில் மாமியாரின் உழைப்பும் இருக்கிறது. அது எந்த அட்டவணையிலும் ஏறாது.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மிஞ்சியது களையெடுப்பும் நூறு நாள் வேலையும். 2006இல் அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றார்கள். வெளியே அதைவிட அதிகம் கிடைக்கும் ஆண்கள் விலகினார்கள், கழனியில் அதைவிடக் குறைவாக வாங்கிவந்த பெண்கள் வந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்கள் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெண்கள் சும்மா உட்கார்ந்து பணம் வாங்குகிறார்கள் என்று கேலி பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பல பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி கையில் வந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று செய்யாறு பக்கத்து மேல்மா பகுதி விவசாயிகள் போராடினார்கள். நிலம் போனால் இளம்பெண்ணுக்குக் கம்பெனி வேலை கிடைக்கலாம். அதே வீட்டு ஐம்பது வயதுப் பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள்? வேலைவாய்ப்பு என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது.

2011க்குப் பிறகு மாவட்ட அளவில் மக்கள்தொகைக் கணக்கு எதுவும் வரவில்லை. 2021இல் நடக்க வேண்டியது 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இந்த இடைவெளியில் நடந்ததை உங்களைப் போன்றவர்கள்தான் எழுத வேண்டும். ஊரில் இருபது முப்பது வீடு போங்கள். பெண்களிடம் நேரடியாகப் பேசுங்கள், வீட்டு ஆண்கள் பதில் சொல்ல விடாதீர்கள். 'வேலைக்குப் போறீங்களா' என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், போன நடவில் எத்தனை நாள் போனீர்கள், பால் ஊற்றிய காசு யார் கைக்கு வருகிறது என்று கேளுங்கள். ஷூ கம்பெனியை விட்டு நின்ற பெண்களையும் தேடிப் பிடித்து, எந்த வயதில் ஏன் நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா